ஓலைக் குசினியும் நீலக் கோடும்: வன்னியில் ஒரு தீக்காப்புறுதி வழக்கு

இந்த ஆய்வு வன்னியில் 2017ஆம் ஆண்டு எரிந்துபோன ஒரு வீட்டைப் பற்றியது. காப்புறுதிக் கம்பனி பணம் தர மறுத்தது. மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றது. மேன்முறையீட்டில் ஒரு வாதத்தில் தோற்று, மற்றதில் வென்றது. வீட்டுக்காரர் தரப்புச் சட்டத்தரணியின் அலுவலகத்தில் கோப்புகளை ஒழுங்கு செய்வது என் வேலை. ஆகவே இது ஒரு பக்கத்தில் நின்றவன் எழுதியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பம், கம்பனி, வங்கி, முகவர், நீதிமன்றம் எவரும் இங்கே பெயர் சொல்லப்படவில்லை.

பின்னணி

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் வீதியை விட்டு உள்ளே இறங்கினால் வரும் ஒரு கிராமம். குடும்பம் 2008இன் பிற்பகுதியில் இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாமில் இருந்து, 2011இல் சொந்த வளவுக்குத் திரும்பியது. இரண்டு ஆண்டுகள் தறப்பாள் கொட்டிலில் வாழ்ந்தார்கள். 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. 550,000 ரூபா, கட்டக் கட்டத் தவணையாக வரும். ஏறத்தாழ 550 சதுர அடி, ஓட்டுக்கூரை.

வீட்டுக்குள்ளேயே குசினி இருந்தது. அதில் ஒருநாளும் சமைக்கவில்லை. விறகு அடுப்பின் புகை புதுச் சுவரைக் கறுப்பாக்கிவிடும் என்று, பின்பக்கம் பதினொரு அடி தள்ளி, காட்டுத்தடியும் பனை ஓலையும் கொண்டு ஒரு கொட்டில் போட்டு அதைக் குசினியாக்கினார்கள். இதை விந்தையாகச் சொல்லவில்லை. வீட்டுத்திட்ட வீடுகளின் பின்னால் இப்படியொரு கொட்டில் இல்லாத வளவை எங்கள் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். வன்னியில் காப்புறுதி விற்கிற எவருக்கும் இது தெரியாமல் இருக்க முடியாது.

2016இல் வீட்டை முன்பக்கமாகப் பெருப்பித்தார்கள். இரண்டு அறைகளும் ஒரு நீள விறாந்தையும் சேர்ந்து மொத்தம் 1,050 சதுர அடியானது. விறாந்தையின் ஒரு மூலையில் அந்த வீட்டு அம்மா சவர்க்காரம், தேயிலை, பிள்ளைகளின் கொப்பி, பென்சில் என்று ஒரு சின்னக் கடை வைத்தார். இதற்கென வங்கியில் 10 இலட்சம் கடன் எடுக்கப்பட்டது. காணிக்கு உறுதி இல்லை, காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம்தான். அதனால் வங்கி இரண்டு அரச உத்தியோகத்தர்களின் பிணையோடு வீட்டுக்குத் தீக்காப்புறுதியும் கேட்டது. எவ்வளவுக்கு எடுப்பது என்று அம்மா கேட்டிருக்கிறார். "கடன் பத்து, அதன் இரண்டு மடங்குக்குப் போடுங்கள்" என்றாராம் கவுன்டரில் இருந்தவர். அப்படித்தான் 20 இலட்சம் வந்தது. அளவு நாடா பிடித்து வந்த தொகை அல்ல. இந்த இடத்தை வாசிப்பவர் மனதில் வைத்திருக்க வேண்டும்.

படிவத்தை நிரப்பியவர் கம்பனியின் முகவர், பக்கத்து ஊர்ப் பையன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா தமிழ்ப் பத்திரிகையை விளம்பரம் விடாமல் வாசிப்பவர், ஆனால் ஆங்கிலம் தெரியாது. விறாந்தையில் கதிரை போட்டு, தேநீர் குடித்து, ஒவ்வொன்றாக வாயால் கேட்டு முகவரே எழுதினார். சுவர்: கல். கூரை: ஓடு. அதன் பிறகு, அம்மா பின்னர் சாட்சிக்கூண்டில் சொன்னபடி, இந்த உரையாடல் நடந்தது:

"தம்பி, பின்னால் ஓலைக் குசினி ஒன்று இருக்கிறது. அதையும் எழுத வேண்டுமா?"

"அது வீட்டோடு சேராது அக்கா. வீட்டைத்தானே காப்புறுதி செய்கிறோம்."

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், வளவில் வேறு கட்டடங்கள் உண்டா, அவை எதனால் ஆனவை என்று ஒரு கேள்வி இருந்தது. பதிலுக்கான இடத்தில் அரை அங்குல நீளத்தில் ஒரு கிடைக்கோடு. நீல மை. மேலே உள்ள பதில்கள் எல்லாம் அதே நீல மையில். கீழே அம்மாவின் தமிழ்க் கையெழுத்து மட்டும் கறுப்பு. அந்தப் பேனை அவருடைய கடையில் இருந்து எடுத்தது.

தீ

2017 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை, மாலை ஏழரை மணி. கச்சான் காற்று பகலில் இருந்தே விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா கோயிலில், அப்பா வயலில். 15 வயது மகன் விறாந்தையில் படித்துக்கொண்டிருந்தான், தங்கை பக்கத்தில். உள்ளே ஏதோ வெடித்த சத்தம் கேட்டது, வீடு இருண்டது. ரப்பர் எரியும் மணம் வந்தது. டோர்ச் லைட்டோடு உள்ளே போனவன் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் திரைச்சீலையில் தீ ஏறுவதைக் கண்டான். தங்கையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

அயலவர்கள் கிணற்றில் இருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றினார்கள். வவுனியாவில் இருந்தோ கிளிநொச்சியில் இருந்தோ தீயணைப்பு வண்டி வரும்வரை பனந்தீராந்தி காத்துக்கொண்டிராது. ஓடுகள் தாமாக எரிவதில்லை. தீராந்தியும் சிலாகையும் எரிந்ததும் கூரை முழுவதும் ஒரே சரிவாக உள்ளே விழுந்தது. அதற்குப் பிறகுதான் பொறி பறந்து ஓலைக் குசினியைப் பற்றியது. அது ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஆளுக்குச் சேதம் இல்லை.

மறுநாள் காலையில் பொலிஸில் முறைப்பாடு பதிவானது. கிராம அலுவலர் வந்து பார்த்தார். மகன் விடியும்போதே கைபேசியில் 41 படங்கள் எடுத்திருந்தான். அவை பின்னர் பெரிதும் உதவின. கம்பனி அனுப்பிய இழப்பு மதிப்பீட்டாளர் ஆறாம் நாள்தான் வந்தார். அதற்குள் குடும்பம் இரண்டு அறைகளைத் துப்புரவாக்கிவிட்டது. இடிபாட்டில் கை வைத்திருக்கக்கூடாது என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். எங்கே படுப்பது என்று எவரும் கேட்கவில்லை.

மதிப்பீட்டாளரின் அறிக்கை நேர்மையானது என்றே நினைக்கிறேன். தீ நடந்த நாளில் வீட்டை முழுதாகக் கட்டுவதற்கான பெறுமதி 32 இலட்சம், ஏற்பட்ட சேதம் 24 இலட்சம் என்று எழுதியிருந்தார். கூரை, கதவு, ஜன்னல், வயரிங், மேற்பூச்சு போயின. சுவர்களில் பெரும்பகுதி நின்றது. தளபாடங்கள் காப்புறுதியில் இல்லை. அது குடும்பத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுப்புக் கடிதம்

டிசம்பரில் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்க ஆங்கிலம். மூன்று காரணங்கள்: ஓலைக் கூரைக் கட்டடம் ஒன்று இருப்பதை வெளிப்படுத்தவில்லை, வீட்டில் வியாபாரம் நடப்பதை வெளிப்படுத்தவில்லை, தீயின் காரணம் திருப்தியாக விளக்கப்படவில்லை.

இந்தக் கடிதத்தை மகனின் ஆங்கில ஆசிரியர் வாசித்து, "குசினியில் இருந்து தீ வந்தது என்று சொல்கிறார்கள்" என்று சாரத்தைச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், உதவிக்குச் செய்தது. ஆனால் கடிதம் அப்படிச் சொல்லவில்லை. குசினி இருந்ததைச் சொல்லவில்லை என்றுதான் அது சொன்னது. இரண்டுக்கும் இடையில் பதினான்கு மாதங்கள் தொலைந்தன.

2018 பெப்ரவரியில் குடும்பம் எங்களிடம் வந்தது. காப்புறுதிப் பத்திரத்தைப் புரட்டியபோது, மறுப்பில் இருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமை போய்விடும் என்ற நிபந்தனை கண்ணில் பட்டது. எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகள் இருக்கின்றன என்று காலாவதிக் கட்டளைச்சட்டத்தை நம்பிப் பலர் சும்மா இருந்துவிடுவார்கள். அந்த நிபந்தனை செல்லுமா செல்லாதா என்று வாதாடும் நிலைக்குக் கட்சிக்காரரைக் கொண்டுபோகக்கூடாது என்று முடிவெடுத்தோம். பதினோராவது வாரத்தில் முறைப்பாடு தாக்கல் செய்யப்பட்டது.

நாங்கள் முதலில் எடுத்த முடிவு

தீ குசினியில் தொடங்கவில்லை என்பதை நிரூபிப்பது. இதுதான் எங்கள் திட்டம். கடிதத்தை நாங்களும் வாசித்தோம், ஆனால் கட்சிக்காரர் கதை சொன்ன விதத்தில் வாசித்தோம்.

வேலை திறமாகவே நடந்தது. இடிபாட்டில் கிடந்த வயர்களை ஒரு மின் பொறியியலாளர் பார்த்தார். நடு அறைச் சுவரில் இருந்த செப்புக் கம்பியில் உருகி உருண்ட முத்துகள் இருந்தன. மின் ஓடிக்கொண்டிருக்கும்போது காப்புறை எரிந்து கம்பிகள் தொட்டால் அப்படி முத்து உருளும். குசினிக்கு ஒரு பல்புக்காக இழுத்த வயரில் ஒரு முத்தும் இல்லை. அதாவது, தீ குசினியைத் தொட்டபோது வீட்டின் மின்சாரம் ஏற்கனவே துண்டிக்கப்பட்டிருந்தது. மகன் சொன்ன இருட்டும் அதுவும் பொருந்தின. அழகான சான்று. அந்த முத்தை நான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், கடுகைவிடச் சற்றுப் பெரியது.

2019 நடுப்பகுதியில், வழக்கு விளக்கத்துக்கு (நீதிமன்ற விசாரணைக்கு) முன் ஒரு மூத்த சட்டத்தரணியின் ஆலோசனை கேட்டுக் கோப்பை அனுப்பினோம். அவர் வாசித்துவிட்டுக் கேட்டது: "தீ எங்கே தொடங்கினால் என்ன? அவர்கள் அதையா கேட்கிறார்கள்?"

சட்டம் இப்படி நிற்கிறது. இலங்கையில் ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக உரோம-டச்சுச் சட்டம். ஆனால் 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஆயுள் காப்புறுதியும் தீக்காப்புறுதியும் பற்றிய கேள்விகளுக்கு இங்கிலாந்தில் அதே காலத்தில் என்ன சட்டமோ அதையே பிரயோகிக்கும்படி சொல்கிறது. பனை ஓலைக் குசினிக்கும் இலண்டனுக்கும் இப்படித்தான் உறவு ஏற்பட்டது.

அந்தச் சட்டத்தில், வீட்டுக்காரரின் கவனக்குறைவால் தீ வந்தாலும் காப்புறுதி பொதுவாகச் செல்லும். 1941இன் ஹரிஸ் எதிர் போலண்ட் வழக்கில் ஒரு பெண் திருடருக்குப் பயந்து நகைகளைக் கணப்பு அடுப்புக்குள் ஒளித்து, மறந்துபோய்த் தீ மூட்டினார். அதற்கும் பணம் கிடைத்தது. ஆகவே குசினியில் தொடங்கியிருந்தால்கூட எங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

மறுபக்கம், காப்புறுதி எடுப்பவர் அதியுயர் நம்பிக்கையுடன் முக்கியமான விவரங்களை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது 1766இன் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் இருந்து வரும் விதி. சொல்லாமல் விட்ட விவரத்துக்கும் நடந்த இழப்புக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் கம்பனி ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம் என்பதே பழைய ஆங்கிலச் சட்டம். படிவத்தின் பதில்களே ஒப்பந்தத்தின் அடிப்படை என்று ஒரு வரி இருந்துவிட்டால் இன்னும் மோசம். 1922இன் டோசன்ஸ் எதிர் பொனின் வழக்கில் லொறி நிறுத்தும் இடத்தின் விலாசம் பிழையாக எழுதப்பட்டது. அது முக்கியமில்லாத பிழைதான், ஆனாலும் காப்புறுதி போயிற்று. எங்கள் படிவத்தின் கடைசியிலும் அந்த வரி இருந்தது.

செப்பு முத்து அப்படியே உறைக்குள் போனது.

புகைப்படம்

புதிய முடிவு: கம்பனிக்குக் குசினி இருப்பது தெரியும் என்று காட்டுவது. கார்ட்டர் வழக்கிலேயே அதற்கு இடம் இருக்கிறது. காப்புறுதி செய்பவர் அறிந்திருந்ததையும், அறிந்திருக்க வேண்டியதையும், கேட்காமல் விட்டுக்கொடுத்ததையும் எடுப்பவர் சொல்லத் தேவையில்லை.

முகவரை அழைக்க முயன்றோம். அவர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்விட்டார். கம்பனியும் அவரை அழைக்கவில்லை. அடுத்து, பத்திரம் வழங்க முன் கம்பனி வைத்திருந்த கோப்பை வெளிப்படுத்தும்படி நீதிமன்றக் கட்டளை கேட்டோம். நான்கு தவணைகளுக்குப் பிறகு வந்தது. படிவம், பற்றுச்சீட்டுப் பிரதி, அத்தோடு முகவர் கைபேசியில் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிய மூன்று படங்கள், அச்சடித்துப் பின் குத்தியபடி.

மூன்றாவது படம் வீட்டை வடக்குப் பக்கச் சுவரோடு காட்டுகிறது. கொடியில் பாடசாலைச் சீருடை காய்கிறது. நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பா ஒன்று. வலது ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், ஒரு முருங்கை. அதன் கீழே தொங்கும் ஓலை விளிம்பு, கூரையில் ஏறக்குறைய மூன்று அடி மட்டும். அதன் மேல் மெல்லிய புகை. யாரோ சமைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அது அயல் வளவின் கொட்டில் என்று கம்பனி சொன்னது. மறுப்பதற்குத் தீக்கு முந்திய படம் எதுவும் எங்களிடம் இல்லை, எல்லாம் எரிந்துவிட்டன. அப்போதுதான் அம்மாவுக்கு மகளின் சாமத்திய வீட்டு வீடியோ நினைவுக்கு வந்தது. 2015இல் நடந்தது. ஒரு பிரதி சுவிஸில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போயிருந்தது. அந்த டிவிடி தபாலில் வந்தது. நாற்பத்தாறாவது நிமிடத்தில் வீடியோக்காரர் சமையல் நடக்கும் இடத்துக்குப் போகிறார். அதே முருங்கை, அதே ஓலை, கிடாரத்தில் பாயாசம். சித்தி ஒருவர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு சிரிக்கிறார். முருங்கையில் இருந்து வீட்டுச் சுவர் மூலைக்கு உள்ள தூரம் இரண்டு படங்களிலும் ஒன்று.

இங்கும் ஒரு சறுக்கல். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, இத்தகைய பதிவைச் சான்றாக வைக்க விரும்பினால் விளக்கத் தினத்துக்கு 45 நாட்கள் முன்னதாக எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். நாங்கள் 31 நாட்களில் கொடுத்தோம். தவணை ஒத்திவைக்கப்பட்டது. பிறகு 2020இன் கொரோனா முடக்கமும் சேர்ந்துகொண்டது.

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு

குறுக்கு விசாரணையில் கம்பனியின் சட்டத்தரணி மரியாதையாகவும் கூர்மையாகவும் கேட்டார். "அம்மா, வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடுவீர்களா?"

"ஐயா, முகாமில் இருந்து வரும்வரை நாங்கள் போட்ட கையெழுத்து எல்லாம் வாசிக்கத் தெரியாத தாளில்தான்."

வழக்கேட்டில் இது அப்படியே இருக்கிறது. வழக்கை வென்றது இந்தப் பதில் அல்ல, படம்தான். ஆனால் அன்று நீதிமன்றத்தில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

காணி உறுதி இல்லாத அனுமதிப்பத்திரக்காரருக்குக் காப்புறுதி செய்யத்தக்க நலன், அதாவது வீடு அழிந்தால் தனக்கு நட்டம் என்று சொல்லும் சட்ட உரிமை, இல்லை என்ற வாதத்தைக் கம்பனியே இடையில் கைவிட்டது. கடை பற்றிய வாதத்துக்கு, படிவத்தில் அப்படியொரு கேள்வியே இல்லை என்று நீதிபதி பதில் சொன்னார். 2021 பெப்ரவரியில் தீர்ப்பு வழக்காளிக்குச் சாதகமாக வந்தது: 20 இலட்சம், வழக்குத் தொடர்ந்த நாளில் இருந்து சட்டபூர்வ வட்டி, செலவு.

அலுவலகத்தில் லட்டு வந்தது. நான் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை இரண்டாம் முறை வாசித்துவிட்டு, 24 இலட்சம் சேதத்துக்கு 20 இலட்சம் என்பது காப்புறுதித் தொகையின் உச்சவரம்பு மட்டும்தானே, பெறுமதியைவிடக் குறைவாகக் காப்புறுதி செய்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும் என்ற சராசரி வாசகம் எங்கே என்று கேட்டேன். "அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். பார்த்துக்கொண்டார்கள்.

மேன்முறையீடு

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாட்களும், மேன்முறையீட்டு மனுவுக்குத் தீர்ப்பில் இருந்து 60 நாட்களும் தருகிறது. கம்பனி இரண்டையும் காலத்துக்குள் செய்தது. மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே தீர்ப்பை நிறைவேற்றும்படி விண்ணப்பித்தோம். கம்பனி வங்கி உத்தரவாதம் வைத்தது, நிறைவேற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கு வடமாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போனது.

கம்பனியின் முதல் வாதம் 1929இன் நியூஸ்ஹோம் வழக்கு. முகவர் படிவத்தை நிரப்பும்போது அவர் காப்புறுதி எடுப்பவரின் கையாகவே எழுதுகிறார். ஆகவே அந்த நீலக் கோடு அம்மாவின் கோடு. 'இல்லை' என்று பொருள். நாங்கள் காட்டியது அதற்கு முந்திய 1892இன் போடன் வழக்கு. எழுத வாசிக்கத் தெரியாத, ஒரு கண் இல்லாத ஒருவருக்கு விபத்துக் காப்புறுதி விற்கப்பட்டது. ஒற்றைக்கண் என்று படிவத்தில் இல்லை. மற்றக் கண்ணும் போனபோது, ஆளை நேரில் பார்த்த முகவரின் அறிவு கம்பனியின் அறிவே என்று நீதிமன்றம் சொன்னது.

இன்னொன்றையும் முன்வைத்தோம். இங்கிலாந்திலேயே நுகர்வோர் காப்புறுதிக்கு 2012ஆம் ஆண்டின் சட்டம் பழைய விதியை மாற்றிவிட்டது. 2013 ஏப்ரலில் இருந்து, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும், 'அடிப்படை' வரிக்கு வலு இல்லை. 'அதே காலத்தில்' இங்கிலாந்தில் உள்ள சட்டம் என்று 1852 சொல்லும்போது, 2016இல் எடுத்த காப்புறுதிக்கு 2013இன் மாற்றமும் வந்து சேர வேண்டாமா?

இதற்கிடையில் நாடு 2022க்குள் நுழைந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். சிமெந்து, கம்பி, ஓடு எதையும் பழைய விலையில் நினைத்துப் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் கம்பனி 9 இலட்சத்துக்குச் சமரசம் பேசியது. வங்கிக்கு அன்று நிலுவை ஏறத்தாழ அதே தொகை. பணத்தை வாங்கினால் கடன் தீரும், பிணை நின்ற இருவரும் தலை நிமிர்ந்து நடப்பார்கள், வீடு மட்டும் வராது. கணவர் வாங்கச் சொன்னார். அம்மா மறுத்தார். எங்கள் சட்டத்தரணி இரண்டு பக்கத்தையும் எழுத்தில் கொடுத்து, முடிவை அவர்களிடமே விட்டார். சரி செய்தாரா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. எழுத்தில் கொடுத்தது மட்டும் சரி.

2023 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வெளிப்படுத்தாமை பற்றிய வாதம் தள்ளுபடியானது. முகவரின் தலைக்குள் இருந்த அறிவா, கம்பனியின் அறிவா என்று பிரித்துப் பார்க்கும் தேவையே இல்லை, படம் கம்பனியின் கோப்பில் பின் குத்தியபடி இருந்தது. ஓலையைக் கண்டும் கேள்வி கேட்காமல் பத்திரம் வழங்கியவர், கோட்டுக்கு இப்போது பொருள் கேட்க முடியாது என்று நீதிமன்றம் எழுதியது. இதோடு விடயம் முடிந்துவிட்டதால் 2012இன் ஆங்கிலச் சட்டம் பற்றி எதுவும் தீர்மானிக்கவில்லை. எனக்கு அதில் ஒரு ஏமாற்றம்.

இரண்டாம் வாதத்தில் கம்பனி வென்றது. சராசரி வாசகம் பத்திரத்தில் தெளிவாக இருந்தது. 32 இலட்சப் பெறுமதியுள்ள வீட்டை 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவர், எஞ்சிய பங்குக்குத் தானே காப்புறுதியாளர். ஆகவே 24 இலட்சச் சேதத்தில் முப்பத்திரண்டில் இருபது பங்கு: 15 இலட்சம். 32 என்ற எண்ணை நாங்கள் விசாரணையில் மறுக்கவில்லை. மாற்று மதிப்பீடு வைக்கவில்லை. சேதத்தைப் பெரிதாகக் காட்டுவதிலேயே கவனமாக இருந்தோம், வீட்டின் பெறுமதி பெரிதானால் எங்கள் பங்கு சிறுக்கும் என்பதைக் கவனிக்கவில்லை. கவுன்டரில் சொன்ன 'இரண்டு மடங்கு' ஏழு ஆண்டுகள் கழித்து 5 இலட்சத்தை எடுத்துக்கொண்டு போனது.

பின்னர் நடந்தவை

உயர் நீதிமன்றத்துக்குப் போக 42 நாட்களுக்குள் அனுமதி கேட்க வேண்டும். இரு தரப்பும் கேட்கவில்லை. 2024 பெப்ரவரியில் 15 இலட்சமும் வட்டியும் வந்தன. பத்திரத்தில் வங்கியின் உரிமை குறிக்கப்பட்டிருந்ததால் காசோலை முதலில் வங்கிக்குத்தான் போனது. கடன் கழிந்து எஞ்சியதில் பழைய வீட்டுத்திட்டப் பகுதிக்கு மட்டும் கூரை போட்டார்கள், ஓடு அல்ல, தகரம். முன்பக்க அறைகள் சுவரோடு நிற்கின்றன. மழைக்காலத்தில் அவற்றுக்குள் ஆடு கட்டுகிறார்கள். அன்று டோர்ச் லைட்டோடு உள்ளே போன பையன் இப்போது கொழும்பில் வேலை செய்கிறான்.

இன்று செய்வதாக இருந்தால்

மறுப்புக் கடிதத்தை வரி வரியாகத் தமிழில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டுவோம். இப்போது ஒட்டுகிறோம். சாரத்தை வாயால் கேட்பதில்லை.

கம்பனியின் பழைய கோப்பை முதல் மாதத்திலேயே கேட்போம். காரணம் பற்றிய சான்றை ஒதுக்கச் சொல்லவில்லை. தீ வைத்தார்கள் என்ற பேச்சு எழும் வழக்கில் அது உயிர்நாடி. எங்கள் வழக்கில் அந்தப் பேச்சு கடிதத்தின் மூன்றாம் காரணத்தில் மெல்லத் தலை காட்டிவிட்டு அடங்கிவிட்டது.

பெறுமதிக்கு நாங்களும் ஒரு மதிப்பீட்டாளரை வைப்போம். 32 என்பது 28 ஆகியிருந்தால்கூட 17 இலட்சத்துக்கு மேல் வந்திருக்கும்.

புதிதாகக் காப்புறுதி எடுக்க ஆலோசனை கேட்டு வருபவர்களிடம், வளவின் நான்கு மூலையில் நின்று படம் எடுத்து, திகதியோடு முகவருக்கு அனுப்பி, அனுப்பியதை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்கிறோம். ஒரு பிரதி சுவிஸிலோ கனடாவிலோ இருக்கட்டும். காப்புறுதித் தொகையை வங்கியிடம் கேட்க வேண்டாம், மேசனிடம் கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும்போது மறுபடியும் கேளுங்கள்.

சென்ற ஆவணியில் அந்த வளவுக்குப் போயிருந்தேன். குசினி அதே இடத்தில், அதே முருங்கையின் கீழ், ஓலையால்தான் போடப்பட்டிருக்கிறது. தகரக் கூரை வீட்டுக்குக் காப்புறுதி இல்லை. வேறொரு கம்பனியின் முகவர் இரண்டு தடவை வந்து போனாராம். படிவத்தைத் தமிழில் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.